சம்மதிச்சுப் போனாலும் ஆள்கடத்தல்தான்

"விருப்பப்பட்டுத்தானே கம்போடியா போனான், இது எப்படிக் கடத்தல்? 2018 ஆள்கடத்தல் தடுப்பு மசோதாவும் காலாவதி, சட்டமே கிடையாது"ன்னு வேலைக்குன்னு கம்போடியா போய் ஏமாந்த பையனைப் பத்தி ஒரு நண்பர் எழுதியிருக்கார். மசோதா விஷயம் சரி, மக்களவை தாண்டி 2019-ல் காலாவதி ஆனதுதான். சட்டம் இல்லைங்கிறது தப்புங்க. 2013-லேயே திருத்தப்பட்ட இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 370-வது பிரிவு இருந்துச்சு, இப்போ அதுக்குப் பதிலா பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 143-வது பிரிவு இருக்கு. ஏமாத்தியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்கு ஆள் எடுத்தாலே குற்றம். பாதிக்கப்பட்டவரோட சம்மதம் கணக்கிலேயே வராது. குறைஞ்சது 7 வருஷம் கடுங்காவல்.

எங்க ஊர் அஞ்சு ரோட்டுப் பக்கம் "டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம்"னு நோட்டீஸ் ஒட்டி, வேலை விசான்னு சொல்லி டூரிஸ்ட் விசாவைக் கையில திணிக்கிற ஏஜென்ட்டுக்கு இதெல்லாம் நல்லாவே தெரியும். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பண்ணவரான்னு மத்திய அரசோட இ-மைகிரேட் தளத்துல பாருங்க. ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடுங்க.