“அப்படியே ஃப்ரோசன் பீட்சா மாதிரியே இருக்கு!”

போன ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா மகன், நான் சுட்டுக் கொடுத்த பீட்சாவில் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: “சூப்பரா இருக்கு தம்பி. அப்படியே ஃப்ரோசன் பீட்சா மாதிரியே வந்திருக்கு!”

அண்ணன் மனதாரத்தான் பாராட்டினார். அதனால்தான் அந்த இடத்தில் பதில் பேசாமல் அடுத்த உருண்டையை விரிக்கப் போய்விட்டேன். ஆனால் நாலு நாளாகியும் ஆறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பிசைந்த மாவு அது. ஒரு ராத்திரி, ஒரு பகல் முழுக்க ஃப்ரிட்ஜில் கிடந்து மெல்ல மெல்லப் பொங்கிய மாவு. தக்காளியைக் கையாலேயே மசித்து உப்பு மட்டும் போட்டேன். சீஸை நானே துருவினேன். ஓவனை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூட்டிவைத்தேன். இவ்வளவுக்கும் கிடைத்த ஆக உயர்ந்த மரியாதை, அட்டைப் பெட்டியிலிருந்து உருவி எடுத்த ஒன்றைப் போல இருக்கிறது என்பதா?

எதைப் பார்த்து எது வந்தது? வீட்டிலும் அடுப்படியிலும் சுட்டதைப் பார்த்துத்தானே அந்தப் பெட்டியே வந்தது! இப்போது பெட்டியில் இருப்பது தராசாகி, கையால் செய்தது அதில் ஏறி நிற்க வேண்டியதாகிவிட்டது. என் கொதிப்பெல்லாம் இதற்குத்தான்.

ஃப்ரோசன் பீட்சா சாப்பிடுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வேலை முடிந்து கால் கடுக்க வந்து நிற்கிறவரிடம் போய் “மாவு பிசைந்து ஒரு நாள் காத்திரு” என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. என் ஃப்ரீசரிலும் ஒரு பெட்டி கிடக்கிறது. பசிக்குச் சோர்வு தெரியாது, அந்த நேரத்தில் அது கைகொடுக்கிறது, சரி. அதன் பேர் ஃப்ரோசன் பீட்சா, அதன் வேலை அவசரப் பசி. அத்தோடு அது நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அது நிற்கவில்லையே. பெட்டி மேலே என்ன எழுதியிருக்கிறது? “வீட்டுச் சுவை.” “கையால் செய்த பக்குவம்.” “கல் அடுப்பில் சுட்டது.” பக்கத்திலேயே ஒரு படம். சீஸ் நூல் நூலாக இழுபடுகிறது, விளிம்பு பொன்னிறமாக உப்பியிருக்கிறது, துளசி இனத்துப் பேசில் இலை பச்சைப்பசேல் என்று நிற்கிறது. உள்ளே அந்த இலையே இல்லை. ஏன் என்று பார்த்தால், படத்தின் ஓரத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கச் சிரமமான எழுத்தில், இது பரிமாறும் விதத்துக்கான மாதிரிப் படம் என்று இருக்கிறது. விற்கிற பொருளின் படம் இல்லையென்றால் எதற்காகப் பெட்டியை அடைத்துக்கொண்டு அச்சடிக்கிறீர்கள்?

பிரித்தால் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தட்டை. மேலே வெள்ளையாகப் பனித்தூள். டாப்பிங் முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும், மறு பாதி வெறும் சாஸ். அந்தப் பனித்தூள் வேறெங்கிருந்தும் வந்ததில்லை, ரொட்டியிலும் சீஸிலும் இருந்த ஈரம்தான். தொழிற்சாலையில் கடுங்குளிரில் சட்டென்று உறைய வைக்கும்போது பனிப்படிகங்கள் பொடிப்பொடியாக உருவாகும், அதனால் பெரிய சேதம் இல்லை. அப்புறம் மைனஸ் 18 டிகிரியிலேயே கடைசிவரை இருக்க வேண்டும். ஆனால் வண்டியிலிருந்து இறங்கி, கடையில் அடுக்கப்பட்டு, நம் பைக்குள் ஏறி வீடு வருவதற்குள் அது கொஞ்சம் இளகும். நம் ஃப்ரீசரில் மறுபடி மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும், மாவின் கட்டுமானத்தைக் கிழிக்கும். ஒவ்வொரு தடவை இளகி உறையும்போதும் உள்ளே இருந்த ஈரம் வெளியே வந்து மேலே படியும். ஓவனுக்குள் போனதும் அதெல்லாம் தண்ணீராகி நேராகச் சாஸுக்குள் இறங்குகிறது. நடுப்பகுதி ஏன் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது என்று கேட்கிறீர்களே, இதுதான் காரணம்.

இந்தச் சொதசொதப்பு புதிதும் இல்லை. அமெரிக்காவில் ஜோசப் புச்சி என்பவர் ஃப்ரோசன் பீட்சா செய்முறைக்கு 1950-இல் விண்ணப்பித்து 1954-இல் காப்புரிமை வாங்கினார். சாஸின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் எப்படித் தடுப்பது என்பதுதான் அன்றைக்கே தலைவலி. எழுபது வருஷம் தாண்டிவிட்டது. என் தட்டில் நடுப்பகுதி இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

பெட்டியின் பின்பக்கம் “220 டிகிரியில் 12 நிமிடம்” என்று போட்டிருக்கும். நம்பி வைத்தால் 12 நிமிடத்தில் விளிம்பு பிஸ்கட் போல இறுகிவிடும், நடுவில் விரலை வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கும். ஓவனில் சூடாவதைக் காட்டும் விளக்கு அணைந்தால் உள்ளே காற்று சூடாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். தட்டு சூடாகியிருக்காது. ஆறிய தட்டின் மேல் பனிக்கட்டியை வைத்தால் அடிப்பாகம் எப்படி வேகும்? இதை எழுத ஒரு வரி போதும். எந்தப் பெட்டியிலும் நான் அதைப் பார்த்ததில்லை. இதில் சில பெட்டிகள் “மைக்ரோவேவிலும் செய்யலாம்” என்கின்றன. செய்து பாருங்கள், முதலில் ரொட்டி துணி போலத் துவளும், ஐந்து நிமிடம் ஆறினால் தோல் போல இழுக்கும்.

உட்பொருள் பட்டியலையும் ஒரு தடவை பொறுமையாக வாசியுங்கள். எடை அதிகமானது முதலில் வரும். சில பெட்டிகளில் ‘சீஸ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே தாவர எண்ணெயும் ஸ்டார்ச்சும் உட்கார்ந்திருக்கும். அது பாலில் செய்த சீஸ் இல்லை, சீஸ் போல உருகுவதற்காகச் செய்த ஒன்று. அப்புறம் சத்து விவரம். கலோரியும் உப்பும் குறைவாகத் தெரிகிறதே என்று பார்த்தால், கணக்கு மூன்றில் ஒரு பங்கு பீட்சாவுக்கு. பசியோடு பெட்டியைப் பிரிக்கிறவர் மூன்றில் ஒரு பங்கோடு எழுந்துவிடுவாரா? சொல்லுங்கள்.

இப்போது மரபான பீட்சாவுக்கு வருகிறேன். இத்தாலியின் நேபிள்ஸ் நகரத்துப் பீட்சாவுக்கு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் மரபுச் சிறப்பு உணவு என்ற பாதுகாப்பைக் கொடுத்தது. அந்த விதிமுறையை வாசித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். ரொட்டிக்கு மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். அவ்வளவுதான். கையாலேயே விரிக்க வேண்டும். விறகு அடுப்பின் தளம் ஏறக்குறைய 485 டிகிரி இருக்க வேண்டும். 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வர வேண்டும். இன்னொரு வரியும் இருக்கிறது: அந்தப் பீட்சாவை உறைய வைத்துப் பிறகு விற்கக் கூடாது. சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! அந்த ஊர்ப் பீட்சாக்காரர்களின் கைக்கலையை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஒரு ரொட்டியை விரித்துச் சுடும் கைப்பழக்கத்துக்கு அந்த மரியாதை. அப்படிப்பட்ட ஒன்றோடு ஒப்பிட்டு “உன் பீட்சா இன்னும் தேறணும்” என்று என்னிடம் யாராவது சொல்லட்டும், தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். பெட்டியோடு ஒப்பிடாதீர்கள்.

வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியைத் தாண்டாது. 485 எங்கே, 250 எங்கே! அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் வீட்டில் செய்கிறவர்கள் இவ்வளவு பாடுபடுகிறோம். கனமான இரும்புத் தகடு அல்லது பீட்சாக் கல்லை ஒரு மணி நேரம் காய வைப்பதெல்லாம் இதற்குத்தான். நன்றாகக் காய்ந்த தகட்டில் மாவு பட்ட அந்த நொடியில் அடிப்பக்கம் பொரியத் தொடங்கும், உள்ளே இருக்கிற நீராவி விளிம்பைத் தூக்கும். எட்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். வெறும் தட்டில் வைத்து இருபது நிமிடம் வேகவிட்டால் ரொட்டி காய்ந்துபோகும், இரண்டும் ஒன்றில்லை.

மாவைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. 500 கிராம் மாவுக்கு 325 மில்லி தண்ணீர், 12 கிராம் உப்பு, உலர் ஈஸ்ட் 2 கிராமுக்கும் குறைவு. ஈஸ்ட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ் குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். அந்த நேரத்தில் மாவிலேயே இருக்கிற நொதிகள் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைக்கும். விளிம்பு பொன்னிறமாவதற்கும், வாயில் போட்டதும் ரொட்டிக்கே ஒரு வாசனையும் லேசான புளிப்பும் வருவதற்கும் அந்தக் காத்திருப்புதான் காரணம். அவசரப்பட்டு ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு ஒரு மணி நேரத்தில் பொங்க வைத்தால் உயரம் வரும், ருசி வராது. நேரம் இல்லாமல் அந்த ருசி இல்லை. இருபத்து நாலு மணி நேரம் காத்திருந்த மாவை உருண்டையாக எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். சப்பாத்திக் கட்டையைக் கொண்டு அதை நசுக்க எனக்கு மனசு வராது. விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளித்தான் விரிப்பேன், விளிம்பில் இருக்கிற காற்று அப்படியே இருக்க வேண்டும்.

பீட்சாவுக்குப் போடுகிற சீஸ் மொஸரெல்லா. புதுசான மொஸரெல்லாவில் பாதிக்கு மேல் தண்ணீர். அதைத் துணியில் வடியவிடாமல் வைத்தால் வீட்டு ஓவனிலும் நடுவில் குளம் கட்டும், நானே முதல் இரண்டு மூன்று தடவை அப்படி வீணாக்கியிருக்கிறேன். அதனால் ஈரம் குறைந்த மொஸரெல்லாவைக் கட்டியாக வாங்கித் துருவுகிறேன். துருவியே விற்கிற பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச்சோ, செல்லுலோஸ் என்கிற தாவர நார்ப்பொடியோ தூவியிருப்பார்கள், அது சரியாக உருகாது.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது அக்கா மகன் என்ன செய்கிறான் தெரியுமா? விளிம்பில் சூட்டுக்குக் கொப்புளித்துக் கருத்த புள்ளிகள் இருக்கின்றனவே, எதற்காக நான் ஓவனை அவ்வளவு காய வைக்கிறேனோ அதே புள்ளிகள், அவற்றைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைக்கிறான். “மாமா, இது கருகிடுச்சு.” வட்டம் கோணலாக இருக்கிறது என்கிறான். சாஸ் இனிப்பாக இல்லையே என்கிறான். பெட்டியில் வருகிற சாஸில் சர்க்கரை இருக்கிறது, அவன் நாக்கு அதைத்தான் தக்காளி என்று படித்து வைத்திருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை, அவன் மேல் என்ன தப்பு? அவன் முதலில் தின்றது அதுதான், அதனால் அதுவே அவனுக்கு அசல். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. அவன் ஒரு தடவை கூடச் சரியாகத் தின்று பார்க்காத ஒரு ருசியை, அவனைக் கேட்காமலே ஒரு அட்டைப் பெட்டி அவனிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது.

பெரியவர்களுக்கு என்ன வந்தது? “எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறே? ஒரு பெட்டி வாங்கினா பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுதே” என்று என் அடுப்படியில் நின்றுகொண்டே கேட்கிறார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு கேட்கிறார்கள். பசிக்கு எது சுலபம் என்று கேட்டால் பெட்டிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். எது நன்றாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு ஒட்டாதீர்கள். உங்களுக்குப் பெட்டி பீட்சாதான் பிடிக்கும் என்றால் நேராகச் சொல்லுங்கள், அடுத்த முறை அதையே சூடாக்கித் தருகிறேன், வருத்தப்பட மாட்டேன். அதையும் ஒழுங்காகத்தான் தருவேன்: தகட்டை முன்னாலேயே காய வைத்து, மேலே இருக்கிற பனித்தூளைத் தட்டிவிட்டு, சரிந்த டாப்பிங்கைப் பரப்பி, பெட்டி சொல்வதைவிடக் கொஞ்சம் சூட்டைக் கூட்டி.

பெட்டி அச்சடிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “சீக்கிரம் ஆகும்” என்று போடுங்கள், உண்மை. “பசிக்கு உதவும்” என்று போடுங்கள், அதுவும் உண்மை. ‘வீடு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு நாள் காத்திருப்பு இருக்கிறது, ராத்திரி எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்க்கிற ஒரு ஆள் இருக்கிறார்.

இதை எழுதும்போதே சமையல் மேடையில் மாவு பிசைந்து மூடி வைத்திருக்கிறேன், இன்னும் சற்று நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் போகும். நாளை ராத்திரி அக்கா மகன் வருகிறான். இந்தத் தடவை முதல் துண்டை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுக்கப் போவதில்லை. ஓவன் பக்கத்திலேயே நிற்க வைத்து, கதவைத் திறந்து, அந்த விளிம்பு எப்படி எழும்புகிறது என்று அவனுக்குக் காட்டப் போகிறேன்.