பென்சில்வேனியா பர்மிட் நியூ ஜெர்சியில் செல்லாது

"பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கி பர்மிட் வாங்கிவிட்டால் டிரைவிங் லைசென்ஸ் மாதிரி அமெரிக்கா முழுக்கச் செல்லும், 1986 ஃபெடரல் சட்டம் காப்பாற்றும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி வண்டியைக் கிளப்பாதீர்கள்.

வெளிமாநில பர்மிட்டை ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. நியூ ஜெர்சி எந்த மாநிலத்து பர்மிட்டையும் ஏற்பதில்லை. 2013-ல் பென்சில்வேனியா பர்மிட் வைத்திருந்த ஒரு பெண்ணை அங்கே போக்குவரத்துச் சோதனையில் நிறுத்தினார்கள். துப்பாக்கி இருப்பதை அவரே போலீசிடம் சொன்னார். அதற்குக் கிடைத்தது கைது. குறைந்தது மூன்றரை ஆண்டு சிறைக்குப் போகும் நிலை. 2015-ல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் முழு விடிவு. எல்லாருக்கும் கவர்னர் கை கொடுப்பாரா?

சரி, 1986 சட்டம்? அது துப்பாக்கியோடு ஒரு மாநிலத்தின் வழியாகக் கடந்து போகிறவர்களுக்கு மட்டும். கிளம்பும் இடம், சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். குண்டு போட்டிருக்கக் கூடாது. துப்பாக்கியும் சரி, குண்டுகளும் சரி, உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கியில்தான் இருக்க வேண்டும். எஸ்யூவி மாதிரி தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. டேஷ்போர்டு அறையைப் பூட்டினாலும் கணக்கில் வராது, சீட்டுக்கு நடுவில் இருக்கும் கன்சோலும் அப்படியே.

இடுப்பில் செருகிக்கொண்டு எல்லை தாண்டுவதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. பதிவைத் திருத்திவிடுங்கள்.