ஒதுக்கிவைக்கப்பட்ட அளவீடுகள்

மண்சரிவு எச்சரிக்கையைப் பற்றி இலங்கையின் மலையகத்தில் பேச்செழும்போதெல்லாம், கருவிகள் போதாது என்ற முறைப்பாடே முதலில் வருகிறது. குறை உண்மைதான். ஆனால் சோதனைகள் பொய்த்துப்போன பெரும் சம்பவங்களைப் படித்துப் பார்த்தால், பல வேளைகளில் ஏதோ ஒரு கருவி சரியாகவே சொல்லியிருக்கிறது என்பதும், கேட்க வேண்டியவர்கள்தான் அதை ஒதுக்கிவிட்டார்கள் என்பதும் தெரிகிறது.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 ஏப்ரலில் விண்ணுக்குச் சென்ற அது அனுப்பிய படங்கள் மங்கலாக இருந்தன. 2.4 மீற்றர் விட்டமுள்ள அதன் பிரதான ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரோமீற்றர் கூடுதல் தட்டையாகத் தீட்டப்பட்டிருந்தது. ஆடியைச் சரிபார்த்த ஒளியியல் கருவிக்குள் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் விலகிப் பொருத்தப்பட்டிருந்ததால், பிழையான வடிவத்தையே மிகத் துல்லியமாகத் தீட்டி முடித்திருக்கிறார்கள். என்னை உலுக்குவது அந்த 1.3 மில்லிமீற்றர் அன்று. அதே ஆடியை வேறு கருவிகளால் சோதித்தபோது பிழை தென்பட்டிருக்கிறது. அவை துல்லியம் குறைந்தவை, ஆகவே அவைதாம் தவறாகக் காட்டுகின்றன என்று முடிவுகட்டி மேலே நகர்ந்துவிட்டார்கள். 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர்கள் சென்றுதான் அதைத் திருத்தினார்கள்.

மருத்துவத்தில் இதற்கு உயிர்கள் பலியாயின. தெராக்-25 என்ற கதிர்ச்சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுகடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. முந்திய வகை இயந்திரத்தில் ஆபத்தைத் தடுத்துநின்ற வன்பொருள் பூட்டுகளை நீக்கிவிட்டு, மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள். திரையில் பிழைச்செய்தி வந்தது. அது அடிக்கடி வருவது என்பதால், விசையை அழுத்தித் தொடர்வது இயக்குபவர்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. உடல் எரிந்ததாக நோயாளி கதறிய பிறகும், மிகையளவுக்கு வாய்ப்பே இல்லை என்றுதான் தயாரிப்பாளர் தரப்பு கூறியது.

இனி நம் மலைக்கு வருவோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை, தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளான லயன்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. சோதனையும் நடந்தது, முடிவும் சரியாகவே இருந்தது. “சொன்னோம், அவர்கள் போகவில்லை” என்று எச்சரித்தவர்களுக்காகச் சொல்லப்படும் விளக்கம் எனக்கு நேர்மையாகப் படவில்லை. ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லாமல், வீடும் வேலையும் ஒரே தோட்டத்தோடு கட்டுண்ட குடும்பம் எங்கே போகும்?

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வகுத்திருக்கிறது. தோட்டங்களுக்கு மழைமானி புதிதும் அன்று. ஆனால் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் தராசின் முள்ளை நூறு கண்கள் பார்க்கின்றன, ஏனென்றால் அதில் சம்பளம் தொங்குகிறது. மழைமானியின் அளவோ ஒரு கொப்பிக்குள் போய் அடங்கிவிடுகிறது.

ஆகவே புதுக் கருவிகளுக்கு முன்பாக நான் கேட்பது வேறு. மழையளவு, தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலும் லயன் முகப்பிலும் எல்லோரும் பார்க்க எழுதிப்போடப்பட வேண்டும். மழை வலுத்த இரவுகளிலும் அது அளக்கப்பட வேண்டும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில். அளவு எல்லையைத் தாண்டினால், தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதிக்குக் காத்திராமல் மக்களை வெளியேற்றும் அதிகாரம் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் ஒருவருக்கேனும் இருக்க வேண்டும். அந்த அளவீட்டை நம்பமுடியாது என்று சொல்பவர், காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெளியேறுபவர்கள் தங்கும் பாடசாலை எது என்பது மழைக்கு முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். அந்தப் பாடசாலை நிற்கும் சரிவும் அதற்கு முன்பே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.