சொந்த உபயோகத்துக்குத்தானே?

"டவுன்லோடு பண்ணினா தப்பில்ல, வித்தாத்தான் தப்பு." திருட்டுப் படம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் நீதிபதி தோரணையில் இதைச் சொல்லிவிடுகிறார்.

நெதர்லாந்தில் ஒரு காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. காலி சிடி போன்றவற்றின் மேல் படைப்பாளிகளுக்காக ஒரு கட்டணம் வசூலித்தார்கள். பதிலுக்கு, வீட்டில் பார்க்க யாரும் இறக்கிக்கொள்ளலாம். எங்கிருந்து என்ற கேள்வியே கிடையாது. இதை எதிர்த்து வழக்குப் போட்டது பட முதலாளிகள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, காலி சிடி தயாரித்தவர்களும் இறக்குமதி செய்தவர்களும்! திருட்டுப் பிரதிக்கும் சேர்த்து நாங்கள் ஏன் அழ வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 2014 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. முறையாக வந்த பிரதிக்குத்தான் தனிப்பட்ட உபயோகச் சலுகை என்று தீர்ப்பு. ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் சுவிட்சர்லாந்தில் இன்றும் இறக்கிப் பார்ப்பவர் மேல் வழக்கு இல்லை. 2020இல் அமலுக்கு வந்த திருத்தமும் அதைத் தொடவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலும் சொந்த உபயோகத்துக்கு ஒரு விலக்கு உண்டு, 2012 திருத்தத்தால் அது சினிமாவுக்கும் வந்தது. ஆனாலும் முழுப் படத்தைத் திருட்டுத் தளத்திலிருந்து இறக்கிவிட்டு அதன் நிழலில் ஒதுங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே படத்தைப் பலர் துண்டு துண்டாகப் பரிமாறிக்கொள்ளும் டோரன்ட் முறையின் கதை வேறு. நாம் இறக்குவதாக நினைத்துக்கொண்டிருப்போம். வந்து சேர்ந்த துண்டுகளை அந்த மென்பொருள் அப்போதே முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஓரத்தில் 'அப்லோடு' என்று ஓடும் எண்ணை யார் பார்க்கிறார்கள்? ஜெர்மனியில் வக்கீல் நோட்டீஸ் வருவது பெரும்பாலும் அந்த எண்ணால்தான். உரிமையாளர்கள் அமர்த்திய ஆட்கள் அதே டோரன்டில் கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்து, எந்த ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) துண்டு அனுப்புகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். நான் பார்க்கத்தான் இறக்கினேன் என்று அங்கே சொல்லி என்ன பயன்? ஊருக்கே விநியோகம் பண்ணியாச்சு. சுவிட்சர்லாந்திலும் இதற்கு மன்னிப்பு கிடையாது.

இதெல்லாம் சரி. காசு கொடுத்து வாங்கியவனை இந்தச் சட்டங்கள் படுத்துகிற பாடுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவின் 1998 சட்டப்படி, நாமே வாங்கிய டிஸ்க்கின் டிஜிட்டல் பூட்டை உடைத்து ஒரு பிரதி எடுத்தாலும் சட்டமீறல்தான். அந்தப் பிரதி வீட்டு வாசலைத் தாண்டாவிட்டாலும்கூட. ஆன்லைனில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்திப் பெற்ற படமோ, கடைக்காரருக்கு உரிமம் போனால் நம் கணக்கிலிருந்தும் போகலாம். அப்படி விற்பது வெறும் உரிமம்தான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லியே விற்க வேண்டும் என்று கலிபோர்னியா 2025 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாங்கிய படத்தின் ஒரு பிரதியை என் கையில் கொடு என்று அந்தச் சட்டமும் கேட்கவில்லை.