'பெண்கள்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம்

கொழும்பில் நடக்கவிருக்கும் ஒரு பெண்கள் திரைப்பட விழாவுக்கு இலச்சினை, சுவரொட்டி, நுழைவுச்சீட்டு எல்லாம் வடிவமைக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். போன வாரம் அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. சிங்களமும் ஆங்கிலமும் அழகாக விழுந்திருந்தன. தமிழில் 'பெண்கள்' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றது. பெண்களின் விழாவில் அந்தச் சொல்லே உடைந்து கிடந்ததைப் பார்த்ததும் மனம் கனத்துவிட்டது.

காரணம் சின்னது. கணினி 'ப'வை முதலிலும் கொம்பை அடுத்ததாகவும்தான் சேமிக்கும். திரையில் காட்டும்போது இடம் மாற்றித் தரவேண்டும். இன்டிசைன் போன்ற மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் அது மாறாது. தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்குப் பிழை இருப்பதே தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பிழை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதல் வரைவை ஆங்கிலத்தில் போடுவார்கள், அப்புறம் சிங்களம், மிஞ்சிய இடத்தில் தமிழ். 'திரைப்பட விழா' என்பது நீளமான சொற்றொடர். இடம் போதாது என்று எழுத்தைச் சிறிதாக்கி, மெல்லிய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மேலே வைக்கும் குற்று மங்கி 'ண்', 'ண' ஆகிவிடும். கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸில் போகிற ஒருத்தி அதை எப்படி வாசிப்பாள்? தமிழ் 1987 முதல் அரசியலமைப்பில் அரசகரும மொழி. சுவரொட்டியில் மட்டும் ஏன் கடைசி வரி?

இலச்சினைப் படத்துக்கும் இதே கதைதான். ரோஸ் நிறம், பறக்கும் கூந்தல், பிலிம் சுருள் என்றுதான் முதல் யோசனைகள் வந்தன. எனக்குச் சிங்களத் திரைப்பட இயக்குநர் சுமித்ரா பீரிஸ் நினைவுக்கு வந்தார். 1978இல் 'கெஹெணு லமாய்' படத்தை இயக்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே 'கம்பெரலிய' என்ற படத்தின் படத்தொகுப்பு மேசையில் இருந்தவர் அவர். வெட்டி ஒட்டுகிற அந்த வேலையையே இலச்சினையாக்கலாம் என்றேன்: மூன்று பிலிம் துண்டுகள், மூன்று மொழிகள், இடையில் ஒட்டிய தழும்பு தெரியவேண்டும். எண்ணளவில் ஒரே எழுத்தளவைக் கொடுத்தால் மூன்று மொழிகளும் சமமாகத் தெரியாது. சிங்களத்தின் உருண்டை வளைவுகளுக்குப் பக்கத்தில் தமிழின் நேர்கோடுகள் மெலிந்துவிடும். கண்ணால் பார்த்துத்தான் தடிப்பைக் கூட்டவேண்டும். 'ண'வின் சுழிகள் அடைபடாமல் இருக்கிறதா என்று நுழைவுச்சீட்டு அளவில் அச்சடித்துப் பார்த்தோம். இரண்டாவது பிரதியில் சரியாக வந்தது. வெள்ளவத்தையில் அம்மாவிடம் காட்டினேன், கண்ணாடி போடாமலே வாசித்தார்.

விழா நடத்துகிற தோழிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "அக்கா, இதை மட்டும் தமிழில் போட்டுத் தாங்கோ" என்று அனுப்பாதீர்கள். முதல் கூட்டத்துக்கே தமிழ் வாசிக்கிற ஒருத்தியைக் கூப்பிடுங்கள். மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் அவளுக்கும் சம்பளம் கொடுங்கள்.