கையெழுத்து காய்ந்த பிறகு வருகிற கணக்கு வாத்தியார்கள்

பேங்க் கடனில் வாங்கின என் முதல் வீட்டின் சாவியை ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போட்டேன். வாங்கியதே தப்பு என்று அதற்குக் கீழே ஒரு நண்பர் கணக்குப் போட, நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள், திரும்ப விளக்கப் போவதில்லை. அந்த நண்பரை நட்புப் பட்டியலிலிருந்து நான் நீக்கவும் இல்லை. நீக்கிவிட்டேன் என்று உள்பெட்டியில் பேசிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். போட்ட பிறகு சொல்லாதீர்கள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில், முதல்முறையாக வீடு வாங்கப் போகிறேன், என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பதிவு அங்கேயேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதற்கு இந்த நண்பர் தந்த பதில் ஒரு கட்டைவிரல். வேறு நாலு பேர் "பார்த்து வாங்குங்க" என்றார்கள். பார்க்காமல் வாங்குவதாக இருந்தால் எதற்குக் கேட்கிறேன்? சரி, போகட்டும். சாவி கைக்கு வந்த அன்று மட்டும் அவருக்குப் பதினாறு வரி எழுத நேரம் கிடைத்திருக்கிறது. இது உங்க வீடு இல்லை பேங்க் வீடு, கட்டுகிற வட்டியில் இன்னொரு வீடு வாங்கலாம், வாடகைக்கு இருந்துகொண்டு மிச்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கலாம். நடுவில் 2008-ல் அமெரிக்காவில் வீட்டு விலை விழுந்த கதை வேறு.

சார், எனக்கும் கணக்கு தெரியும். 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குக் கடன் வாங்கினால், வாங்கியதைப் போல 2 மடங்குக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும். முதல் தவணையில் நூற்றுக்கு 83 வட்டிக்கே போய்விடும். 10 வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டின பிறகும் அசலில் 71 சதவீதம் அப்படியே நிற்கும். இந்த அட்டவணையை எத்தனை ராத்திரி வெறித்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? வட்டி ஏறினால் பெரும்பாலும் தவணையை ஏற்ற மாட்டார்கள், காலத்தை நீட்டிவிடுவார்கள், அதனால் கையில் ஏதாவது சேர்ந்தால் ஆரம்ப வருடங்களிலேயே அசலில் தள்ளிவிட வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்துதான் போட்டேன். விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டவனிடம் பேசுவது மாதிரி பேசினீர்களே, அதுதான் உறுத்துகிறது.

"நல்லதுக்குத்தானே சொன்னார்" என்று சிலர் வருவீர்கள். நல்லதுக்கு என்றால் ஏழு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். "பொதுவில் படம் போட்டால் நாலு பேர் நாலு சொல்வார்கள்" என்பீர்கள். நானும் பொதுவில்தான் பதில் சொல்கிறேன். "நீங்களே ஒருமுறை வாடகை வேஸ்ட் என்று எழுதியவர்தானே" என்று ஒருத்தர் பழைய பதிவைத் தோண்டி எடுத்து வந்திருக்கிறார். ஆமாம், எழுதினேன், தப்புதான். வாடகை வேஸ்ட் இல்லை. அடிக்கடி ஊர் மாறுகிறவருக்கும் நிலையான சம்பளம் இல்லாதவருக்கும் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நான் அந்த ஆள் இல்லையே.

நான் யார் என்றால், பதினாலு வருடத்தில் ஐந்து வீடு மாறினவன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரிடமிருந்து போன் வருவது சாயங்காலத்தில்தான். பையன் வருகிறான், இரண்டு மாதத்தில் காலி பண்ணிக் கொடுத்துடுங்க. எங்கள் வீட்டில் ஒரு நீலத் திரைச்சீலை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் ஒவ்வொரு உயரம் என்பதால் அம்மா அதன் அடிமடிப்பைப் பிரித்து இறக்குவார், அடுத்த வீட்டில் மறுபடி மடித்துத் தைப்பார். வெயில் படாத மடிப்புக்குள் மட்டும் பழைய நீலம் அப்படியே இருக்கும். பிரித்துத் தொங்கவிட்டால் அடியில் கோடு கோடாக, எந்தக் கோடு எந்த வீடு என்று அம்மாவுக்குத் தெரியும். இதை உங்கள் ஃபண்டு கணக்கில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் சொல்லிவிடுகிறேன். அந்த நண்பர் இருப்பது அவர் அப்பா கட்டிய வீட்டில். வாடகைக்கு இருப்பதன் லாபத்தை எனக்கு வகுப்பெடுத்தவர் வாழ்க்கையில் ஒரு மாதம்கூட வாடகை கொடுத்தவர் இல்லை. தப்பு என்று சொல்லவில்லை, கொடுத்து வைத்தவர். கொடுத்து வைத்தவர் கொஞ்சம் மெதுவாகப் பேசலாம்.

அப்புறம், குறையே இல்லாத வீடு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. குடிவந்த மூன்றாம் நாள் மழையில் படுக்கையறை மூலையில் தட்டு அகலத்துக்கு ஈரம் பூத்தது. வாங்கும் முன் பார்த்தபோது வீடு முழுக்க அழுக்கு, அந்தச் சுவர் மட்டும் புதுப் பெயின்ட். எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு யாராவது, மழை பெய்யும்போது போய்ப் பாருப்பா, ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படு என்று ஒரு வரி எழுதியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அந்த ஒரு வரிக்குத்தான் கேட்டேன். வந்தது கட்டைவிரல்.

நேற்று திரைச்சீலையை மாட்டினோம். இருந்த மடிப்பெல்லாம் பிரித்தாகிவிட்டது, அப்படியும் ஒரு சாண் குட்டை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கீழே வேறு துணி ஒட்டுப்போட ஊசி கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதையும் படம் எடுத்துப் போடப் போகிறேன். வந்து எழுதுங்கள், புதுசே வாங்கியிருக்கலாமே என்று.