லொறியில ரெண்டு பீப்பா தண்ணி

"சாமானை லொறியில ஏத்திட்டு வெறும் ஆளா சைக்கிள் மிதிக்கிறதெல்லாம் ஒரு பயணமாக்கா?" என் சொந்தத் தம்பியே போனில் கேட்டான்.

அவன் இலங்கை மலையகத்தில் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் மட்டுமே போனவன். ஏற்றம் ஏறக்குறைய 1400 மீற்றர். பஸ்ஸில் அது வாந்தி வரவைக்கும் நாலு வளைவு. சைக்கிளில் ஒவ்வொரு மீற்றரும் தொடைக்குத் தெரியும். கூடாரம், போர்வை, மாத்துத் துணி என்று பதினைந்து கிலோவைப் பின்னால் கட்டி ஏறச் சொல்லியிருந்தால் நான் புசல்லாவையிலேயே பஸ்ஸுக்குக் கை காட்டியிருப்பேன்.

நான் சைக்கிள் பழகியதே முப்பது வயதில், யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்தபோது. அங்கே பொம்பளைப் பிள்ளைகள் கதை பேசிக்கொண்டே டியூசனுக்கு மிதித்துப் போவார்கள். மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். இறக்கத்தில் அது ஆளைச் சுமக்கும், ஏற்றத்தில் ஆள் அதைச் சுமப்பார்.

இந்தச் சைக்கிள் பயணம் ஜூலையில் நாலு நாள், பதினாலு பேர். பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள், மிச்சம் கொழும்பு, கண்டி. தோட்டத்தில் பிறந்தது நான் ஒருத்திதான். காலையில் லொறி முன்னால் போய்விடும். பின்னேரம் நாங்கள் நாக்குத் தள்ளப் போய்ச் சேரும்போது தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருக்கும். முடியாதவர்கள் லொறியில் ஏறிக்கொள்ளலாம். இறம்பொடைக்கு மேலே மழை பிடித்தபோது நானும் ஆறு கிலோமீற்றர் ஏறிக்கொண்டேன். வெட்கமெல்லாம் இல்லை. அந்த லொறி இல்லையென்றால் இந்தப் பயணம் இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கு மட்டும்தான்.

நுவரெலியா தாண்டி ஹக்கலையில் இறங்கத் தொடங்கியதும் மழைக்கோட்டைக் கழற்றிவிட்டோம். தென்மேல் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மலை தாண்டி ஊவா மாகாணத்துப் பக்கம் வருவது காய்ந்த காற்று மட்டும். அந்தக் காற்றில் கொழுந்து வாடுவதால்தான் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அப்படியொரு வாசம். வெலிமடை போய்ச் சேர்வதற்குள் எனக்கு உதடு வெடித்துவிட்டது. "பிரேக்கை அமத்திக்கிட்டே இறங்காதீங்கக்கா, விட்டு விட்டு அமத்துங்க, ரிம் சூடேறிரும்" என்றார் மெக்கானிக் தம்பி. நிறுத்தியதும் விரலால் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

இனித்தான் எழுத வந்த விசயம்.

மூன்றாம் இரவு, அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து மைதானத்தில் தங்கினோம். தோட்டத்து மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். லயத்து ஆட்களுக்கு, அதாவது வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைதானத்து ஓரத்தில் ஒரு பைப். பதினாலு பேரும் கை கால் கழுவினோம், துணி அலசினோம், சிலர் சைக்கிளையே குளிப்பாட்டினார்கள். நானும் தலைக்கு ஊற்றினேன். வேடிக்கை பார்க்க வந்த ஒரு பாட்டி, "காசு குடுத்தா மகள் தரையில படுக்கிறீங்க?" என்று கேட்டார். எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள்.

விடியக்காலை வாளிச் சத்தம் கேட்டு எழும்பினேன். பைப்படியில் ஏழெட்டுப் பேர் குடமும் கேனுமாக நின்றார்கள். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போகும் நேரம். முன்னால் நின்ற அக்கா திருகைத் திறந்தார். காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. பைப்பை உள்ளங்கையால் ரெண்டு தரம் தட்டினார். மேலே இருந்த தொட்டி காலி. மழையில்லாத மாதங்களில் அது நிரம்பவே ஒரு ராத்திரி பிடிக்குமாம்.

யாரும் சத்தம் போடவில்லை. அந்த அக்கா கூடாரங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க நம்ம ஆளுதானே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

எனக்குப் பதில் வரவில்லை. லயத்தில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா, ஜூலையில் பைப்படி என்றால் என்னவென்று? தெரிந்துதானே தலைக்கு ஊற்றினேன்.

பயணத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், உடனே லொறியை அனுப்பினார். ரோட்டோர ஓடையிலிருந்து சமையல் பீப்பாக்களில் தண்ணீர் வந்து சேர ஒரு மணித்தியாலம். அதற்குள் கொழுந்துக்காரர்கள் பாதிப் பேர் வெறுங்குடத்தை வைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். புறப்பட நேரமாகிறது என்று எங்களில் ரெண்டு பேர் முணுமுணுத்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

சாமான் சுமக்கும் லொறியை நான் குறை சொல்ல மாட்டேன். அது என்னத்தைச் சுமக்கிறது என்பதில்தான் என் சண்டை. பியர் பெட்டிக்கு அதில் இடமிருந்தது. வறட்சியில் ஊவாவுக்குக் கூட்டமாக வருகிறவர்கள் தண்ணீரைக் கையோடு கொண்டுவரட்டும். துரையைக் கேட்டால் பாதி அனுமதிதான். மீதியைப் பைப்படியில் கேளுங்கள்.

அடுத்த வருசப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. சைவமா அசைவமா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். அசைவம் என்று போட்டேன். கீழே 'விசேட தேவைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'லொறியில ரெண்டு பீப்பா தண்ணி' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.